திடப்படுத்தலுக்கு அடுத்த ஞாயிறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் நாசரேத் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கல்லூரி முடித்த பேரன் கோயில் (சர்ச்) பக்கமே வருவதில்லையாம். 'படித்த பிள்ளைகளுக்குத் தெய்வ பயம் போய்விட்டது, எல்லாம் செல்போன் செய்த வேலை' என்று முடித்திருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் பழியைத் தூக்கிச் செல்போன் மேல் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வெட்ட வேண்டியிருந்தால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டுங்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரைப் பற்றியதை வெட்டாதீர்கள்.

நான் வார்டுகளிலேயே வயதைக் கழித்த நர்ஸ். இப்போது ஓய்வு. பாளையங்கோட்டையில் இருக்கிறேன், தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவள். பக்கத்து விடுதிகளில் தங்கிப் படிக்கிற நர்சிங் பிள்ளைகளும், கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்க்கிற பெண்களும் ஒருத்தி, இரண்டு பேராக என் வீட்டுக்கு வருவார்கள். வேதம் வாசிப்போம், பேசுவோம், காபி குடிப்போம். ஊழியம் என்று போர்டு மாட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலை விட்டு ஒரு பிள்ளை எந்த இடத்தில் நழுவுகிறது என்பதை அங்கே உட்கார்ந்து நிறையக் கேட்டிருக்கிறேன். கடவுளே இல்லை என்று யோசித்து முடிவெடுத்துப் போனவர்கள் குறைவு. மனதில் ஒரு கேள்வி வந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை, அப்படியே விட்டுப் போய்விட்டது என்கிறவர்கள்தான் அதிகம்.

மற்ற சமயத்து வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோருடன் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று சிலர் நிற்பார்கள். இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்க நாங்கள் பொறுப்பு என்று சபைக்கு முன்னால் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்து, பதினாலு பதினைந்து வயதில், அந்த வாக்கைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதுதான் திடப்படுத்தல். அதற்குப் பிறகு, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்தில் பங்கு உண்டு. ஆக, ஏட்டில் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் நியமித்துத்தான் வைத்திருக்கிறோம்.

நடப்பது என்ன? ஞானத்தகப்பனைத் தேர்ந்தெடுக்கிற விதம் நம் எல்லாருக்கும் தெரியும். வளைகுடாவில் வேலை பார்க்கிற சித்தப்பா, லீவில் வருகிற தேதி பார்த்து ஞானஸ்நானத் தேதியையே மாற்றுவோம். ஒரு செயின் போடுவார், போட்டோ எடுப்பார், பிரியாணி சாப்பிடுவார், விமானம் ஏறிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் நாம் கேட்டதே செயின்தானே. 'உன் ஞானத்தாய் யாரு?' என்று என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் கேட்பேன். பாதிப் பேர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள்.

திடப்படுத்தல் வகுப்பும் அப்படித்தான். பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகர குருவானவருக்குக் கீழே சின்னதும் பெரியதுமாகப் பல கிராமச் சபைகள். ஒரு ஊரில் அடக்க ஆராதனை, இன்னொரு ஊரில் கல்யாணம், நடுவில் பள்ளிக்கூடப் பிரச்சினை, கமிட்டிச் சண்டை. அவர் என்ன செய்வார்? சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வராந்தாவில் உட்கார வைத்துப் பத்துக் கற்பனை (பத்துக் கட்டளைகள்), விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். பிள்ளைகளும் ரயில் மாதிரி ஒப்பித்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லித்தரவா வேண்டும்? பேராயர் வருகிற அன்று வெள்ளை உடுப்பு, தலையில் முக்காடு, கையில் புது வேதாகமம். அடுத்த ஞாயிறு? அந்தப் பிள்ளை முதல் முறையாகத் திருவிருந்து எடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்காருகிறது. 'எப்படி இருந்துச்சு, என்ன நினைச்சே?' என்று ஒருவரும் கேட்பதில்லை. பாடகர் குழுவில் சேரச் சொல்வார்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, இலை போடக் கூப்பிடுவார்கள். வாலிபர் ஐக்கியத்தில் வினாடி வினா நடத்துவார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் உள்ளே என்ன ஓடுகிறது என்று விசாரிக்கிற வேலை யாருடையது என்று மட்டும் எந்தக் கமிட்டித் தீர்மானத்திலும் இருக்காது.

எனக்கு அப்படிக் கேட்பதற்கு ஒருவர் கிடைத்தார். நான் நர்சிங் படித்தது 1970-களின் கடைசியில். விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் வயதான ஒரு அம்மா இருந்தார். அந்தக் காலத்து பைபிள் உமன். இளைய வாசகர்களுக்கு இது தெரிந்திருக்காது. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களிடம் குருமார் போய்ப் பேச முடியாது என்பதால், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களை மிஷன் இந்த வேலைக்கு வைத்திருந்தது. வீடு வீடாகப் போவார்கள். வேதம் வாசித்துக் காட்டுவார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள், பிரசவ வீட்டில் வெந்நீர் வைப்பார்கள். சம்பளம் சொற்பம். பெரும்பாலும் விதவைகள். இவரும் விதவைதான். வெள்ளைச் சேலை, குடை, துணிப்பை. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம்.

குழந்தைகள் வார்டில் எனக்கு நைட் டியூட்டி. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை, ரணஜன்னி (டெட்டனஸ்). வீட்டில் பிரசவம் பார்த்து, துருப்பிடித்த எதையோ வைத்துக் கொடி அறுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணம். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் குழந்தையின் உடம்பு வில்லாக வளைந்துவிடும் என்பதால் கறுப்புத் துணி கட்டி மறைத்த மூலையில் வைத்திருப்போம். விடிகிறதற்குள் போய்விட்டது. அந்தத் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். 'நீங்க ஜெபம் பண்ணுனீங்கல்லா அக்கா?' என்று என்னிடம் கேட்டாள். பண்ணியிருந்தேன்.

அதன் பிறகு என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. விடுதியில் காலை ஜெபத்துக்கு எல்லாருடனும் முழங்கால் போடுவேன், உதடு அசையும், அவ்வளவுதான். வார்டன் அம்மா, 'விசுவாசத்தில் உறுதியா இருக்கணும்' என்றார்கள். ஒரு தோழி வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. 'அந்தத் தாய்க்கு நீ என்ன பதில் சொன்னே?' என்று மட்டும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். 'நல்லது' என்றார். கையைத் துடைத்துவிட்டு வேதாகமத்தை எடுத்து 88-ஆம் சங்கீதத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

அந்தச் சங்கீதத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சங்கீதங்கள் வேதத்தில் இருக்கிற ஜெபப் பாட்டுகள். அவற்றில் எவ்வளவு அழுது புலம்பித் தொடங்கினாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி வந்துவிடும். இதில் வராது. ஏமான் என்கிறவர் பாடியது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், தெரிந்தவர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள் என்று இருட்டில் முடிந்துவிடும். வாசித்துவிட்டு, 'அடுத்த பக்கத்தில் பதில் இருக்கா பெரியம்மா?' என்றேன். 'இல்லை பிள்ளே. இதுவும் வேதத்துலதான் இருக்கு. உனக்கு ஜெபம் வரலைன்னா இந்த மாசம் பூரா இதையே வாசி. இது ஜெபம் இல்லைன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்பு' என்றார். அப்புறம் சோறு போட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் 'தேவ சித்தம்' என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருந்தால், நான் இன்றைக்குக் கோயிலில் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். படிப்பு முடிகிறவரை வாரம் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போவேன். போனதும் ஒரே கேள்வி: 'இந்த வாரம் வாசிச்சதுல எதுல முட்டிக்கிட்டே?' புரிந்தது எது என்று கேட்க மாட்டார். முட்டியது எது என்றுதான் கேட்பார். நான் சொல்வதில் பாதிக்கு அவரிடம் பதில் இருக்காது. 'எனக்கும் அந்த இடம் விளங்கலை' என்று கூச்சமில்லாமல் சொல்வார். அடுத்த வாரத்துக்குள் யாரிடமாவது கேட்டு வைத்திருப்பார், அல்லது மறுபடியும் விளங்கவில்லை என்பார். அம்பது வயது மூத்தவர் ஒரு சின்னப் பெண்ணிடம் 'எனக்கு விளங்கலை' என்று சொல்லக் கேட்டது எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

பெரியவரே, உங்கள் பேரனிடம் இப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா?

இது ஏதோ ஒரு பாட்டியின் தனிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாவட்டத்துச் சபை வளர்ந்ததே இப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த ஷ்வார்ட்ஸ் ஐயர், 1778-இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்கிற மராட்டிய பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் குளோரிந்தா அம்மாளுடையது. 1785-இல் அந்த அம்மாள் கட்டிய கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோம். கட்டடம் நிற்பதால் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அவர் ஷ்வார்ட்ஸிடம் கேட்டது ஆள். சபையாரோடு கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். அப்படி வந்தவர்தான் சத்தியநாதன். உபதேசியாராக இங்கே வேலை பார்த்து, 1790-இல் தஞ்சையில் குருவாக அபிஷேகம் பெற்றவர். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகக் கோயிலை ஒட்டி உபதேசியார் வீடு வந்தது. கோயில் மணி அடிப்பதும், சாயங்கால ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைக் கூப்பிட்டு விசாரிப்பதும் அவர்தான். ஊரோடு ஊராக இருந்ததால் யார் எங்கே தடுமாறுகிறார் என்று அவருக்குத் தெரிந்தது.

ஷ்வார்ட்ஸ் வளர்த்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே 1785-இல் திருநெல்வேலியிலிருந்து சின்னப் பையன் ஒருவனைத் தன்னோடு தஞ்சைக்குக் கூட்டிப்போனார். அவன்தான் பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார். இன்றைக்கும் நம் கோயில்களில் அவர் பாட்டு இல்லாத வாரம் கிடையாது. இன்னொரு பிள்ளை சரபோஜி. வளர்ப்புத் தகப்பனான துளஜா மன்னர் ஷ்வார்ட்ஸை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளை. அவரைப் படிக்க வைத்ததும், அரண்மனைப் பகையிலிருந்து காப்பாற்றியதும், அரசுரிமை கிடைக்க வாதாடியதும் ஷ்வார்ட்ஸ். 1798-இல் ஷ்வார்ட்ஸ் இறந்தார், அதே வருடம் சரபோஜி அரியணை ஏறினார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. கடைசிவரை இந்து அரசராகவே ஆண்டார். ஆனாலும் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற பேர்பெற்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு சிற்பம் செய்யச் சொல்லி, தஞ்சைக் கோயிலில் வைத்தார். மரணப் படுக்கையில் ஷ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி. தஞ்சாவூர் போகிறவர்கள் சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் இருக்கிற அந்தக் கோயிலுக்குள் ஒரு தரம் நுழைந்து பாருங்கள். நாம் எதிர்பார்த்த பாதையில் வராத பிள்ளையையும் கைவிடாமல் வளர்த்திருக்கிறார் அந்த மனிதர். பேரனிடம் 'கோயிலுக்கு வந்தால் பேசுகிறேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற தாத்தாக்கள் நம் தெருவிலும் உண்டு. அவர்கள் அந்தச் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

வேதத்திலும் எனக்குப் பிடித்த ஒரு ஜோடி இருக்கிறது. கூடாரம் தைக்கிற ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும். அப்பொல்லோ என்று ஒரு வாலிபன், நல்ல பேச்சாளன், ஆனால் விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். ஜெப ஆலயத்தில் அவன் பேசியதை இவர்கள் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து திருத்தவில்லை. தனியே சேர்த்துக்கொண்டு விவரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குருப்பட்டம் பெற்றவர்களா இவர்கள்? தொழிலாளிகள். நம் சபையிலும் தையல் கடைக்காரர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார். சாயங்காலம் எல்லாரும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆள் பஞ்சம் என்று சொல்ல முடியாது.

நான் இந்த வேலையைக் கற்றது வார்டில்தான் என்று நினைக்கிறேன். புதிதாக வந்த பிள்ளை முதல் முறையாக நோயாளிக்கு ஊசி ஏற்றும்போது சீனியர் பக்கத்தில் நிற்பார். பிள்ளையின் கை நடுங்கும், நரம்பு கிடைக்காது, நோயாளி முகம் சுளிப்பார். நாம் வாங்கிப் போட்டால் ஒரு நொடி வேலை. வாங்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் கை முன்னால் வரலாம். என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடமும் அதுதான். 'அக்கா, இந்த வேலையை விடலாமா?' 'அக்கா, இந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லலாமா?' என்று கேட்பார்கள். பதில் எனக்குத் தொண்டை வரை வரும். சொல்ல மாட்டேன். நீ என்ன ஜெபித்தாய், உன் மனசாட்சி என்ன சொல்கிறது, அம்மா அப்பாவிடம் பேசினாயா, அந்தப் பையனைப் பற்றி விசாரித்தாயா என்று கேள்வியாகவே கேட்பேன். சில பிள்ளைகளுக்குக் கோபம் வரும். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்' என்பாள் ஒருத்தி. வரட்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பயம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். வழிகாட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைத் தன் கைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஆவிக்குரிய அப்பா, ஆவிக்குரிய அம்மா என்று பட்டம். எந்த ஊரில் வேலைக்குப் போக வேண்டும், யாரைக் கட்ட வேண்டும், சம்பளத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். மீறினால் சாபம். அப்போஸ்தலர் பவுல் தொடங்கிய கொரிந்து சபையில் 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று கோஷ்டி கிளம்பியபோது பவுல் சந்தோஷப்படவில்லை, சண்டை போட்டார். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று எழுதினார். விளைச்சலுக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். மன அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஜெபக் குழுவை நடத்துகிறவர், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றிருக்கிறார். நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து அழுதார். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. நானும் அவள் அம்மாவுமாக ஆட்டோவில் ஏற்றி, பழைய டாக்டரிடமே கொண்டுபோனோம். இப்போது நன்றாக இருக்கிறாள், மாத்திரையும் சாப்பிடுகிறாள், ஜெபமும் பண்ணுகிறாள். அந்தக் குழுக்காரரிடம் நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். பவுலுக்கு, தன்னோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவை விடப் பிரியமான பிள்ளை கிடையாது. அந்தத் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் என்ன எழுதினார்? வெறும் தண்ணீரைக் குடிக்காதே, உன் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்றார். அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. தீமோத்தேயுவுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் எழுதியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

ஆகவே வழிநடத்த முன்வருகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும் என்பேன். பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள், ஆண் பிள்ளைகளுக்கு ஆண்கள். சந்திப்பது வீட்டு முன்னறையில், கதவு திறந்திருக்க. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே வர வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது, காணிக்கை என்ற பெயரிலும். பிள்ளை சொல்வதைக் குருவானவரின் மனைவியான ஐயரம்மாவிடம்கூடப் போய்ச் சொல்லக் கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்து, யாரோ தொந்தரவு கொடுக்கிறார்கள் என்றால் மறைத்து வைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை அப்படி ஒரு விஷயத்தைச் சொன்னால் 'ஜெபிப்போம்' என்று சொல்லி மூடிவைப்பது பாவம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, போலீஸ் இருக்கிறது.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். நம் சபைகளில் கல்யாணத்தில் சாதி, கமிட்டித் தேர்தலில் சாதி, சில ஊர்களில் கல்லறையில்கூடச் சாதி. பிள்ளைகளுக்கு இது நம்மை விட நன்றாகத் தெரியும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், அப்போது பேராயர் ஆகவில்லை, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னால் நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்றைக்கு வெள்ளைக்காரனைப் பார்த்து நம் ஊர்க்காரர் கேட்டதை இன்றைக்கு நம் சபையிலேயே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்கிறது. என் வீட்டுக்கு வருகிற பிள்ளை எந்தத் தெரு என்று நான் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு நான் போய்ச் சாப்பிட்ட பிறகுதான் அவள் உண்மையாகப் பேச ஆரம்பிப்பாள். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சேகரங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. புதுக் கட்டடம் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். திடப்படுத்தல் வகுப்பு தொடங்குகிற அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக்காரர் அல்லாத ஒரு பெரியவரைச் சேர்த்துவிடட்டும். வகுப்பு முடிந்த பிறகும் இரண்டு வருடம் அந்த உறவு ஓடட்டும். ஒருவருக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றிக்கொள்ள உரிமை வேண்டும். மாசம் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் போதும். காலை ஐந்து மணிக்கு வாட்ஸப்பில் வசனமும் ரோஜாப்பூவும் அனுப்புவதை நான் பேச்சு என்று கணக்கில் சேர்க்க மாட்டேன். வெளியூர் போய்விட்ட பிள்ளைக்குப் போனில் பேசலாம். சென்னையில் வேலை பார்க்கிற ஒருத்தி ஞாயிறு ராத்திரி கூப்பிடுவாள், துணி மடித்துக்கொண்டே பேசுவாள். செல்போனைத் திட்டுகிற பெரியவர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆண்கள் பக்கம்தான் எனக்குக் கவலை. பெண்களுக்காவது பெண்கள் ஐக்கிய சங்கம், வீட்டு ஜெபம் என்று மனம் விட்டுப் பேச நாலு இடம் இருக்கிறது. நம் ஆண்கள் கோயில் வாசலில் நின்று கமிட்டி அரசியல் பேசுவார்கள், நிலத்தின் விலை பேசுவார்கள். ஒரு வாலிபனைப் பார்த்து 'ராத்திரி தூக்கம் வருதாடே?' என்று கேட்கிற ஆள் எத்தனை பேர்?

பெரியவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்கிற கேள்வியைக் கொஞ்ச மாதம் ஒத்திவையுங்கள் ஐயா. உங்கள் பேரனுக்கு உங்களிடம் பேச முடியாமல் இருக்கலாம். தாத்தாவிடம் சந்தேகத்தைச் சொன்னால் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிடும் என்ற பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. உங்கள் சபையில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாத ஒரு மனிதரைக் கண்டுபிடியுங்கள். நிச்சயம் ஒருவராவது இருப்பார், அனேகமாகக் கமிட்டியில் இருக்க மாட்டார். பேரனோடு டீக்கடைக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள். என்ன பேசினார்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பையன் ஏதாவது வாசிக்கக் கேட்டால் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல வேண்டாம், பாதிப் பேர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம். அங்கிருந்து தொடங்கலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வீடு தெரிந்தவர்களுக்கு அங்கே வருகிற பிள்ளைகளையும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.